ஊசிப் பதிவேடும் ஊதியப் பதிவேடும்

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவர் என்னும் ஊரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களிலும் சுவர்களிலும் பெரும் விரிசல்கள் காணப்பட்டன. பார்வையிட வந்த பொறியாளர் ஒருவர், கட்டடம் பாதுகாப்பானதன்று என எச்சரித்தார். கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியின் கிளையும் இருந்தன. மேல்தளங்களில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிவந்தன. வங்கி தன் ஊழியரை வெளியேற்றி, மறுநாள் பணிக்கு வரவேண்டா என்று கூறிவிட்டது. கடைகளும் அடைக்கப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டனர். வர மறுத்தால் சம்பளம் பிடிக்கப்படும் என்று மிரட்டப்பட்டதாகப் பிழைத்தவர்கள் பின்னர் கூறினர். காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் மின்சாரம் தடைப்பட்டது; மேல்தளங்களில் வைக்கப்பட்டிருந்த கனமான ஜெனரேட்டர்கள் அதிர்வுடன் இயங்கத் தொடங்கின. சிறிது நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். காயமுற்றோர் ஏறத்தாழ 2,500 பேர்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டிலிருந்தார். தையல் தொழிலாளி இயந்திரத்தின் முன் இருந்தார். வங்கியின் இதழைப் படிக்கும் நமக்கு இந்த வேறுபாடு சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

அதைவிட உறுத்தும் செய்தி ஒன்றும் உண்டு. அந்த ஐந்து தொழிற்சாலைகளுள் இரண்டு, ஐரோப்பியக் கொள்முதல் நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறிகளின்படி முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அத்தணிக்கையின் வரம்புக்குள் வராது என்பதே பின்னர் கிடைத்த விளக்கம். மேல்தளங்கள் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டவை என்பதும் அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது.

தணிக்கை என்றதும் நம் வாசகர்களுக்குக் கணக்குப் புத்தகங்களே நினைவுக்கு வரும். இது வேறு வகை. இதற்குச் 'சமூகத் தணிக்கை' என்று பெயர். 1990களில், புகழ்பெற்ற விளையாட்டுக் காலணிகளும் கால்பந்துகளும் ஆசிய நாடுகளில் எத்தகைய நிலையில் தயாராகின்றன என்ற செய்திகள் மேலை நாடுகளில் வெளிவந்தன. பொருளை விற்பவருக்குச் சொந்தமாக ஒரு தொழிற்சாலையும் இல்லை. தைப்பவர் யாரோ, விற்பவர் யாரோ. அந்நிலையில் தம் பெயரைக் காத்துக்கொள்ள, வழங்குநர் தொழிற்சாலைகளுக்கென நடத்தை நெறிகளை வகுத்து, அவை பின்பற்றப்படுகின்றனவா என்று பார்த்துவர வெளியாரை அனுப்பும் வழக்கத்தை அந்நிறுவனங்கள் தொடங்கின. எஸ்.ஏ.8000 என்னும் சான்றளிப்புத் தரம் 1997இல் உருவாயிற்று. இன்று திருப்பூர், பெங்களூரு, குருகிராம், லூதியானா என எந்த ஏற்றுமதி மையத்திற்குச் சென்றாலும், அலுவலக முகப்பில் இத்தகைய சான்றிதழ்கள் சட்டமிடப்பட்டு வரிசையாகத் தொங்குவதைக் காணலாம்.

நடுத்தர அளவுள்ள ஒரு தொழிற்சாலைக்கு, இரண்டொரு தணிக்கையாளர்கள் இரண்டொரு நாள்கள் வருவார்கள். முதலில் நிர்வாகத்துடன் ஒரு கூட்டம். பின்னர் தொழிற்கூடத்தைச் சுற்றிப் பார்த்தல்: அவசர வழிகள் அடைபட்டுள்ளனவா, தீயணைப்புக் கருவிகளின் காலக்கெடு முடிந்துவிட்டதா, தையல் இயந்திரத்தில் ஊசிக் காப்பும் பெல்ட் காப்பும் உள்ளனவா, கட்டிங் மாஸ்டர் எஃகுக் கையுறை அணிந்திருக்கிறாரா, குடிநீரும் கழிப்பறையும் எப்படி. அதன் பிறகு ஆவணங்கள்: வயதுச் சான்று, வருகைப் பதிவு, ஊதியப் பதிவு, வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. செலுத்திய ரசீதுகள். இடையில் தொழிலாளர் சிலரைத் தனியே அழைத்துப் பேசுதல். இறுதியில் குறைகளைப் பட்டியலிட்டு, எந்த நாளுக்குள் எதைச் சீர்செய்ய வேண்டும் என்ற திட்டத்தில் இரு தரப்பும் கையொப்பமிடும்.

ஞாயிற்றுக்கிழமை உடைந்த ஊசி

வங்கியில் கடன் பெற்றுத் தொழில் நடத்துவோர், சரக்குத் தணிக்கைக்கு வரும் அலுவலரை அறிவார்கள். சரக்கு அறிக்கையில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், கொள்முதல் பட்டியலையும் கிடங்கையும் மின்கட்டண ரசீதையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். அனுபவமுள்ள சமூகத் தணிக்கையாளரும் அதே வழியில்தான் செல்கிறார்.

இத்தொழிலில் பரவலாக அறியப்பட்ட குறை, இரட்டைப் பதிவேடு. தணிக்கையாளருக்குக் காட்ட ஒரு வருகைப் பதிவு. உண்மையில் சம்பளம் கணக்கிட இன்னொன்று. முதலாவதில் எல்லோரும் மாலை ஆறு மணிக்கு வீட்டிற்குச் சென்றிருப்பார்கள், ஞாயிறு முழு விடுமுறை, மிகைநேரப் பணி சட்டம் அனுமதித்த அளவை ஒருபோதும் தாண்டியிராது. இதை உடைப்பதற்கு ஊதியப் பிரிவின் ஏடுகளையே புரட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. அவை ஒன்றோடொன்று பொருந்தும்படியே எழுதப்பட்டவை. ஊதியத்தோடு தொடர்பே இல்லாத வேறோர் ஏட்டைக் கேட்க வேண்டும்.

அவற்றுள் சிறந்தது உடைந்த ஊசிப் பதிவேடு. குழந்தையின் சட்டையில் ஊசிமுனை ஒன்று தங்கிவிட்டால் அந்த ஆடைத் தொகுதி முழுவதும் திரும்பி வரும். ஆகையால், தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்துப் பதிவேட்டின் பக்கத்தில் ஒட்டி, நாள், நேரம், இயந்திர எண், தைத்தவர் பெயர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பழைய துண்டுகளைக் கொடுத்தால்தான் புதிய ஊசி கிடைக்கும். இந்தப் பதிவேடு கொள்முதலாளரின் தரப்பிரிவுக்காக வைக்கப்படுவது. அதை எழுதும் மேற்பார்வையாளருக்கு, சம்பளக் கணக்கரின் அறையில் என்ன எழுதப்படுகிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை. எனவே, விடுமுறை என்று வருகைப் பதிவு கூறும் ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகலில், பதினேழாம் எண் இயந்திரத்தில் ஒரு ஊசி உடைந்து, ஒட்டுநாடாவின் அடியில் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய குறிப்பு, வாயிற்காவலரின் வாகனப் பதிவு, துணி வெட்டிய கணக்கு, இடைநிலைத் தரச்சோதனைச் சீட்டு ஆகியவையும் இவ்வாறே பேசும். ஆனால், தொழிற்சாலைகளும் கற்றுக்கொள்கின்றன. தணிக்கைக்கு முன் ஆவணங்களை 'ஒழுங்குபடுத்தி'த் தருவதையே பிழைப்பாகக் கொண்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஊசிப் பதிவேட்டையும் திருத்தி எழுதச் சொல்லும் அளவுக்கு அவர்கள் தேர்ந்துவிட்டார்கள்.

எந்த ஏட்டையும் திருத்திவிடலாம். நூறு பேரின் நினைவைத் திருத்துவது கடினம். ஆகவே தொழிலாளர்களுடன் பேசுவதே தணிக்கையின் உயிர்ப்பகுதி என்பார்கள். நடைமுறையில் மிகவும் நலிந்திருப்பதும் அதுவே. பேட்டி தொழிற்சாலைக்குள்ளேயே நடக்கிறது. யார் உள்ளே சென்றார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதை மேற்பார்வையாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே பாடம் நடத்தப்பட்டிருக்கும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞருக்குத் தமிழ் தெரியாது. தணிக்கையாளருக்கு ஒடியா தெரியாது. மொழிபெயர்க்க முன்வருபவர், அந்த இளைஞரை ஊரிலிருந்து அழைத்துவந்த ஒப்பந்ததாரராகவே இருந்துவிடுவதும் உண்டு.

வங்கி வாடிக்கையாளர்கள் கவனிக்கத்தக்க ஒரு கேள்வி இங்கே உண்டு. "சம்பளம் வங்கிக் கணக்கில் வருகிறதா?" என்று கேட்டால், வருகிறது என்ற விடை எளிதில் கிடைக்கும், வங்கிக் கணக்கறிக்கையும் அதை மெய்ப்பிக்கும். "ஏ.டி.எம். அட்டை யாரிடம் இருக்கிறது?" என்பதே அடுத்துக் கேட்கவேண்டியது. அட்டையும் ரகசிய எண்ணும் ஒப்பந்ததாரரிடம் இருந்தால், ஆவணத்தின்படி முழுச் சம்பளம் பெறும் தொழிலாளி, உண்மையில் அவர் எண்ணிக் கொடுப்பதையே பெறுகிறார்.

சான்றிதழ் பெற்ற மூன்றாம் வாரம்

ராணா பிளாசாவுக்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 2012 செப்டம்பர் 11 அன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் பால்டியா பகுதியிலிருந்த அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ வைக்கப்பட்டது என்று பிற்காலத்தில் தீர்ப்பளித்த நீதிமன்றம், 2020இல் இருவருக்கு மரண தண்டனை விதித்தது. தீ எப்படிப் பற்றியிருந்தாலும், கதவு திறந்திருந்தால் அத்தனை பேர் இறந்திருக்கமாட்டார்கள். அந்தத் தொழிற்சாலை, தீ விபத்துக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு முன்னர்தான் எஸ்.ஏ.8000 சான்றிதழைப் பெற்றிருந்தது. சான்றளித்த ஐரோப்பிய நிறுவனம், தணிக்கைப் பணியை உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது.

பூட்டிய கதவு புதிய பிரச்சினையன்று. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்ததற்கும் பூட்டிய கதவே பெருங்காரணம். நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே, ஆள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவுகளைப் பூட்டலாகாது, அவை வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்று விதித்தது. துணி திருட்டுப் போய்விடும் என்ற அச்சத்தால் கதவைப் பூட்டுகிறார்கள். தணிக்கை நாளன்று அது திறந்திருக்கும். வருகையை முன்னறிவிக்கும் தணிக்கையில், திறந்த கதவைப் பார்த்து எழுதும் குறிப்புக்கு எவ்வளவு மதிப்பு?

முன்னறிவிப்பு ஒரு குறை. கட்டணம் இன்னொன்று. பெரும்பாலான தணிக்கைகளுக்குத் தொழிற்சாலையே பணம் தருகிறது; கடுமையாக எழுதும் நிறுவனத்தை விட்டு மென்மையாக எழுதும் நிறுவனத்தை அடுத்த ஆண்டு அழைத்துக்கொள்ளலாம். அறிக்கையோ கொள்முதலாளருக்கும் தொழிற்சாலைக்கும் மட்டுமே உரிய இரகசியம். யாருடைய உயிரைக் காக்க அது எழுதப்பட்டதோ, அந்தத் தொழிலாளியின் கண்ணில் படுவதேயில்லை. கராச்சியிலும் சாவரிலும் தணிக்கை தோற்றதற்குத் தணிக்கையாளரின் திறமைக் குறைவைவிட இந்த அமைப்பையே முதற்காரணமாக நான் கருதுகிறேன். வங்கிக் கிளையின் திடீர் ரொக்கச் சோதனையை, சோதிக்கப்படும் காசாளரே நாள் குறித்து, கட்டணமும் தந்து நடத்திக்கொண்டால் அதற்கு என்ன பொருள் இருக்கும்?

வங்கதேசம் செய்துகாட்டியது

ராணா பிளாசா இடிந்த சில வாரங்களில், 2013 மே மாதம், உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை நிறுவனங்களும் வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இணைந்தன. பழைய தணிக்கையிலிருந்து அது பல வகைகளில் விலகியது. அது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். மீறும் நிறுவனத்தை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். தீ, மின்சாரம், கட்டட உறுதி மூன்றையும் பயிற்சி பெற்ற பொறியாளர்களே ஆராய்ந்தனர். ஒவ்வொரு தொழிற்சாலையின் அறிக்கையும் அதன் பெயருடன் பொதுவெளியில் வெளியிடப்பட்டது. சீரமைப்புக்குப் பணம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கொள்முதல் நிறுவனங்களின் மீது வைக்கப்பட்டது. சீர்செய்ய மறுத்த தொழிற்சாலை, ஒரு நிறுவனத்தை இழந்து இன்னொன்றிடம் போக முடியாது. கையொப்பமிட்ட அத்தனை நிறுவனங்களின் வாயிலும் அதற்கு மூடப்பட்டுவிடும். ஆபத்தான வேலையைத் தொழிலாளி மறுக்கலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது.

ஆயிரத்து அறுநூறு தொழிற்சாலைகள் வரை ஆராயப்பட்டன. முதற்கட்டத்தில் கண்டறிந்த குறைகளுள் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சில ஆண்டுகளில் சீர்செய்யப்பட்டன. பூட்டத்தக்க இரும்புக் கதவுகள் கழற்றப்பட்டன, தூண்கள் வலுப்படுத்தப்பட்டன, சில கட்டடங்கள் உடனே காலி செய்யப்பட்டன. 2020இல் இப்பணி வங்கதேசத்திலேயே அமைக்கப்பட்ட ஒரு குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2023இல் அதே முறை பாகிஸ்தானுக்கும் சென்றது. சம்பளமும் தொழிற்சங்க உரிமையும் இந்த உடன்படிக்கையால் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது எடுத்துக்கொண்டது உயிர்ப் பாதுகாப்பை மட்டுமே; அதில் பெரும்பாலும் வென்றது.

இந்தியாவிலும் இதே நோக்கில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த இளம்பெண், 2021 சனவரியில் மேற்பார்வையாளரால் கொலை செய்யப்பட்டார். அதன் பின்னர், அத்தொழிற்சாலையில் பெண்கள் நெடுநாளாகத் தொல்லைக்குள்ளாகி வந்ததாகக் குற்றச்சாட்டுகள் வெளிவந்தன. பெண்கள் தலைமை வகிக்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகம், அதனிடம் ஆடை வாங்கிய பன்னாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றை இணைத்து 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' உருவாயிற்று. அதன்படி, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஏறத்தாழ இருபத்தைந்து பேருக்கு ஒருவர் வீதம் தையல் வரிசைகளில் அமர்த்தப்பட்டனர். ஆண்டுக்கு இரண்டு நாள் வந்துபோகும் வெளியாருக்கு மாறாக, நாள்தோறும் அதே வரிசையில் உட்கார்ந்து தைப்பவரே பார்த்துச் சொல்கிறார். பெண்ணுக்கு நேரும் சீண்டல் எந்த ஊசிப் பதிவேட்டிலும் ஒட்டப்படுவதில்லை. அதை அறிய இதைத் தவிர வேறு நல்ல வழி இருப்பதாகத் தெரியவில்லை.

வணிகக் கணக்கிலும் இதற்கு ஒரு பக்கம் உண்டு. 2022 சூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறிகளைக் காட்டி அந்த ஆலையின் ஆடைகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தும் ஆணை பிறப்பித்தது. ஒப்பந்தத்தின்படி மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளை ஆராய்ந்த பின்னர், அதே ஆண்டு செப்டம்பரில் அவ்வாணை நீக்கப்பட்டது. ஏற்றுமதிக் கடன் பெற்று, சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கும் எவருக்கும் அந்த இடைப்பட்ட வாரங்கள் எத்தகையவை என்று விளக்க வேண்டியதில்லை. செர்மனியின் வழங்கல்தொடர்ச் சட்டம் 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது; கட்டாய உழைப்பால் தயாரான பொருள்களைத் தடைசெய்யும் ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 2027 டிசம்பர் முதல் செயற்படவுள்ளன.

இவையெல்லாம் பெரிய ஆலையைப் பற்றியவை. நம் வாடிக்கையாளர்களுள் பலர் நடத்துவது இருபது, முப்பது பவர் டேபிள் கொண்ட ஜாப் ஒர்க் கூடங்கள். தணிக்கையாளர் பெரிய ஆலையைப் பார்த்துச் சென்ற பின்னர், அந்த ஆலையால் முடிக்க இயலாத வேலை இத்தகைய கூடங்களுக்கே வருகிறது. சிலவேளை அங்கிருந்து வீட்டுத் திண்ணைக்கும் போகிறது. எந்த அறிக்கையிலும் இவை பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒரு கூடத்தின் உரிமையாளர், கொள்முதலாளர் கேட்கும்வரை காத்திராமல் சிலவற்றைத் தாமே செய்துகொள்ளலாம். சம்பளத்தை ஒவ்வொருவரின் சொந்தக் கணக்கிலும் நேரே செலுத்துவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரே ஒரு வருகைப் பதிவு போதும். மிகைநேரப் பணிக்கு இரட்டிப்பு ஊதியம் என்பது பழைய சட்டத்திலும் உண்டு, 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டத்தொகுப்பிலும் உண்டு. இரண்டாவது வழியை மறைத்து அடுக்கிய துணிப்பொதிகளை நகர்த்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆனால், அந்த உரிமையாளர் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பார். அது நியாயமான கேள்வி. நடத்தை நெறியை அனுப்பும் அதே கொள்முதலாளர், விலையை ஆண்டுதோறும் குறைக்கிறார். வடிவமைப்பைக் கடைசி வாரத்தில் மாற்றுகிறார். ஆனால் கப்பல் ஏற்றும் நாளை மாற்றுவதில்லை. அந்த இடைவெளி இரவு வேலையால்தான் நிரப்பப்படுகிறது. 2020ஆம் ஆண்டின் தொற்றுக்காலத்தில், தைத்து முடித்த ஆடைகளையே ஏற்க மறுத்த வெளிநாட்டு நிறுவனங்கள் இருந்தன. தணிக்கையாளர் தொழிற்சாலையின் ஏடுகளைப் பார்க்கிறார். கொள்முதல் மேலாளரின் மின்னஞ்சல்களை அவர் பார்ப்பதில்லை. பார்க்கும்படி முறை மாறாதவரை, ஞாயிற்றுக்கிழமை ஊசி உடைந்துகொண்டுதான் இருக்கும். உள்நாட்டுக் கொள்முதலாளருக்குத் தைத்துத் தரும் பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு ஓரளவு காப்பு உண்டு: 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் வந்தாக வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இந்த உரிமையைப் பெரிய வாடிக்கையாளரை இழக்கும் அச்சத்தால் பலர் கேட்பதில்லை.

பங்குகளிலும் பரஸ்பர நிதிகளிலும் சேமிப்போருக்கு வேறொரு வாயில் திறந்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களிலுள்ள நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி ஆணையிட்டுள்ளது. அதன் மூன்றாம், ஐந்தாம் தத்துவங்களின்கீழ், பணியிடப் பாதுகாப்பும் மனித உரிமையும் எவ்வாறு மதிப்பிடப்பட்டன என்ற வினாக்கள் உள்ளன. வழங்குநர்களுள் எத்தனை விழுக்காட்டினர் மதிப்பிடப்பட்டனர் என்பதற்கும் ஓரிடம் உண்டு. அது விருப்பப் பகுதியில் இருப்பதால் சில நிறுவனங்கள் வெறுமையாக விட்டுவிடுகின்றன. நூறு விழுக்காடு மதிப்பிட்டோம், குறை ஒன்றும் காணவில்லை என்று எழுதுவோரும் உளர். பன்னிரண்டு குறைகள் கண்டோம், ஒன்பதைச் சீர்செய்தோம் என்று எழுதும் நிறுவனத்தையே நான் கூடுதலாக நம்புவேன். இவ்வறிக்கைகள் ஆண்டறிக்கையுடன் வெளிவருகின்றன. பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் கட்டணமின்றிப் படிக்கலாம்.